நடுவில் கை மாற்றக் கூடாது

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் பிள்ளை பெற்ற வீடுகளில் ஹம்சாவைத் தெரியாதவர்கள் குறைவு. பச்சைக் குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தடவி, உருவிவிட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டித் துணியில் சுற்றித் தாயின் கையில் கொடுக்கிற வேலை. இருபத்தெட்டு வருஷமாக அதுதான் சோறு. போர்டு கிடையாது, கார்டு கிடையாது, ஒரே ஒரு போன் நம்பர். ஒரு வீட்டு மருமகள் அடுத்த வீட்டு மருமகளுக்குச் சொல்வாள். ஆஸ்பத்திரி ஆயாக்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். ஏழாம் மாசத்திலேயே அந்த நம்பரைப் போனில் ஏற்றிவைத்துக்கொண்ட பெண்கள் எத்தனையோ பேர்.

அந்த நம்பரைக் கொடுத்த கம்பெனிக்குப் பெயர் குயில் செல். குயிலாம், குயில்! பன்னிரண்டு வருஷம் ரீசார்ஜ் வாங்கித் தின்றுவிட்டு, தை மாசம் ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வாயை மூடிக்கொண்டது. டவர் செத்தது. ஷோரூமில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளுங்கள், பழைய நம்பரே இருக்கும், ஆனால் சீக்கிரம் மாறுங்கள் என்று பேப்பரில் போட்டிருந்தார்களாம்.

மற்ற நேரமாக இருந்தாலாவது பரவாயில்லை. கச்சேரி ரோட்டுச் சந்திரிகா மாமியின் பெண் ஜெயஸ்ரீக்கு மாசிக் கடைசியில் தேதி சொல்லியிருந்தார்கள். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஜெயஸ்ரீயையே காலில் போட்டுக் குளிப்பாட்டியவள் ஹம்சா. தான் குளிப்பாட்டிய குழந்தையின் குழந்தையைக் குளிப்பாட்டுவது இதுதான் முதல் தடவை. வளைகாப்பு அன்றே மாமி கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் வரணும் ஹம்சா, ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆத்துக்கு வந்த அன்னிக்கே போன் பண்றேன்" என்று சொல்லியிருந்தாள். ஹம்சா அன்று வீட்டுக்குப் போனதும் பிஞ்சு மணிக்கட்டுக்கு அளவாக வசம்பு வளையல் கோத்து எடுத்துவைத்துவிட்டாள்.

எந்தக் கம்பெனிக்கு மாறுவது? அதற்கே இரண்டு நாள் ஆயிற்று. அடையாற்றங்கரைக் குடிசைகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் அவளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களே, அங்கே ஒரு கம்பெனிக்கு ஜன்னல் ஓரத்தில் மட்டும் சிக்னல் எடுக்கும், இன்னொன்று கீழே தண்ணீர் டேங்க் பக்கம் போனால்தான் எடுக்கும். பக்கத்து வீட்டு முத்தம்மாவின் போன், எதிர்வீட்டுக்காரன் போன் என்று ஆளாளுக்குக் கெஞ்சி வாங்கி, மாடிப்படி முழுக்க ஏறி இறங்கிப் பார்த்தாள். கடைசியில் அடுப்படியில் நின்றாலும் இரண்டு கோடு காட்டிய கம்பெனியாகப் பார்த்து முடிவு செய்தாள்.

முடிவோடு தி.நகருக்குப் போனாள். உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில் இனாயத் என்பவரின் செல்போன் கடை. முதன்முதலில் குயில் சிம் விற்றவரே அவர்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தவர் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, இது உங்க பேருல இல்லியே. தேவானைன்னு கீது."

அப்போதுதான் ஹம்சாவுக்கே ஞாபகம் வந்தது. சிம் வாங்கிய வருஷம் ஆற்றங்கரையில் தீ பிடித்து ரேஷன் கார்டு, ஓட்டர் கார்டு எல்லாம் சாம்பல். கையில் ஒரு காகிதம் இல்லை. புருஷன் துரைராஜின் தங்கச்சி தேவானைதான் தன் ஓட்டர் கார்டை எடுத்து நீட்டினாள். "இந்தா அண்ணி, இதுல வாங்கிக்கோ. நீ வேற நா வேறயா?" என்றாள். துரைராஜ் செத்து ஏழு வருஷம் ஆகிறது. அதற்கப்புறமும் நல்லது கெட்டதுக்கு ஹம்சாவுக்கு இருந்த ஒரே சொந்தம் தேவானைதான். ஹம்சாவுக்கு மூட்டு வீங்கிக் கிடந்த வருஷம் முழுக்க வெந்நீர் தூக்கித் தர வீடு வீடாகக் கூட வந்தவளும் அவள்தான்.

கூப்பிட்டதும் மந்தைவெளியிலிருந்து வந்துவிட்டாள் தேவானை. கொஞ்சமும் அலுத்துக்கொள்ளவில்லை. கட்டைவிரல் வைத்தாள், போட்டோவுக்கு நின்றாள். இனாயத் புது சிம்மைக் கவரில் போட்டு நீட்டியபோது அவள் கைதான் முந்தியது.

"மூணு நாளு கழிச்சிதான் இதுக்கு உசிரு வருமாம் அண்ணி. வந்தவொடனே கம்பெனிக்காரன் பேரு, அட்ரசுலாம் கேப்பான். என் பேருல கீறதால நாந்தான் பேசணும். பேசி முடிச்சிட்டு நானே கொண்ணாந்து குடுக்கறேன். நீ எதுக்கு ரெண்டு பஸ்ஸு மாறி அலைஞ்சிகினு கீற?"

சரியான பேச்சுதானே? ஹம்சாவும் சரி என்றாள்.

மூன்று நாள் ஆனது, ஒரு வாரம் ஆனது. முத்தம்மாவின் போனிலிருந்து தேவானையின் சொந்த நம்பருக்கு அடித்துக் கேட்டாள்.

"இன்னும் வரல அண்ணி. லச்சம் பேரு லைன்ல கீறான், இன்னா பண்றது."

பத்தாம் நாள் மனசு கேட்காமல் தன் நம்பருக்கே அடித்துப் பார்த்தாள். மணி அடித்தது! யாரும் எடுக்கவில்லை. உடனே தேவானையைக் கேட்டாள். "அது கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்றான் அண்ணி. மணி அடிக்கும், பேச முடியாது" என்றாள் அவள். ஹம்சா அதையும் நம்பினாள். எனக்கு இங்கே ஆத்திரம் வருகிறது, ஆனால் அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. சொந்தத் தங்கச்சி மாதிரி இருந்தவள் சொல்கிறாள், இவளுக்குப் போனைப் பற்றிப் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும்தான் தெரியும்.

நேராகக் கச்சேரி ரோட்டுக்கே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போக மாட்டாள். கூப்பிடுவதற்கு முன்னால் பிள்ளைத்தாச்சி வீட்டு வாசலில் போய் நின்று, பிறந்துவிட்டதா என்று கேட்பது ஆகாது. இது அவள் தொழிலில் முதல் பாடம். அவளாகவே தனக்கு இன்னும் சில சட்டங்களும் வைத்திருந்தாள். அதில் முக்கியமானதை எல்லா வீட்டிலும் முதல் நாளே சொல்லிவிடுவாள். "நாப்பது நாளும் ஒரே கைதான். நடுவுல கை மாத்துனீங்கன்னா கொழந்தைக்கு ஒத்துக்காது, சளி கட்டிக்கும்." இது எவ்வளவு தூரம் நிஜம் என்று அவளுக்கே தெரியாது. பாதியில் வேறு யாரையும் கொண்டுவந்து விடக் கூடாது என்பதற்காக ஆரம்பத்தில் சொன்னது. சொல்லிச் சொல்லி மயிலாப்பூர் முழுக்க அது சாஸ்திரமாகிவிட்டது.

மாசி போய்ப் பங்குனி பிறந்தது. ஒருநாள் காலை ஏதோ வேலையாக லஸ் பக்கம் வந்தவளைப் பஸ் ஸ்டாப்பில் ஷம்ஷாத் பிடித்துக்கொண்டாள். பிரசவ ஆஸ்பத்திரி ஆயா. ஹம்சாவின் நம்பரைச் சீட்டில் எழுதித் தருகிறவர்களில் ஒருத்தி.

"இன்னா ஹம்சாக்கா, முதுகு தேவலையா?"

"என் முதுகுக்கு இன்னா?"

"புடிச்சிகிச்சுன்னு சொன்னியே? அந்த ஜெயஸ்ரீ பொண்ணுக்கு ஆம்பளப் புள்ள, இன்னியோட ஒம்போது நாளு. டிஸ்சார்ஜ் அன்னிக்கு அந்த மாமி உனக்கு ஸ்பீக்கர்ல போன் போட்டாங்கோ, நா பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். தொண்ட கட்டிகிச்சு, முதுகு புடிச்சிகிச்சு, நாத்தனாள அனுப்பறேன், என் கை மாதிரியே இருக்கும்னு நீதானக்கா சொன்ன?"

ஷம்ஷாத் அப்புறம் என்ன சொன்னாள் என்று ஹம்சா கேட்கவே இல்லை. கச்சேரி ரோட்டை நோக்கி நடந்தாள். நடந்தாள் என்பது பொய், ஓடினாள்.

இரண்டாவது மாடி. கதவு திறந்திருந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்து கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்த சந்திரிகா மாமி, "அடடே, ஹம்சாவா! எழுந்து நடமாட ஆரம்பிச்சுட்டியா?" என்று எழுந்தாள். ஹம்சா நேரே குளியலறை வாசலுக்குப் போனாள்.

உள்ளே மணைப்பலகையில் காலை நீட்டிக்கொண்டு தேவானை. அவள் காலில் ஜெயஸ்ரீயின் பிள்ளை.

வழியெல்லாம் என்னென்னவோ திட்டுகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள் ஹம்சா. தொண்டை வரைக்கும் வந்தும் விட்டது. ஆனால் காலில் குழந்தை கிடக்கிறது. குளிக்கிற குழந்தை அதிர்ந்தால் மூக்கில் தண்ணீர் ஏறும். அந்த இடத்தில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்று எத்தனை வீட்டில் எத்தனை மாமியார்களை அடக்கியிருக்கிறாள்! அந்த வாயை எப்படித் திறப்பது? நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தேவானை நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. ஆனால் கை நிற்கவில்லை. சொம்பை எடுத்துத் தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினாள். குழந்தை விதிர்த்தது.

"கீழ எறக்கி ஊத்து" என்றாள் ஹம்சா, மெதுவாக. "முதுகுக்குக் கீழ கைய குடு."

தேவானை கையைக் கொடுத்தாள். குழந்தை அடங்கியது. அதன் மணிக்கட்டில் ஏற்கெனவே ஒரு வசம்பு வளையல் இருந்தது.

துணியில் சுற்றிக் குழந்தையை உள்ளறையில் ஜெயஸ்ரீயிடம் கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் ஹம்சா வாயைத் திறந்தாள். போன் கம்பெனி மூடியது, சிம் வாங்கியது, டெஸ்ட் பண்ணுகிறான் என்று புளுகியது, எல்லாவற்றையும் மாமி முன்னால் கொட்டினாள். "எனக்கு முதுகுவலியும் இல்ல, ஒண்ணியும் இல்ல மாமி. உங்ககிட்ட பேசுனது இவதான்! என் பேரச் சொல்லி என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டா!"

தேவானை அழவில்லை, மறுக்கவும் இல்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பெரும்பாக்கத்துலேந்து நீ எப்ப வந்து எப்ப குளிப்பாட்டறது அண்ணி? நா நாலு தெரு தள்ளி கீறேன். எனக்கும் வயிறு கீது. அதும் இல்லாம, அது என் பேருல கீற நம்பரு."

ஹம்சா மாமியைப் பார்த்தாள். மாமி சொல்லட்டும் என்று பார்த்தாள். இருபத்தாறு வருஷத்துப் பழக்கம், வளைகாப்பில் கையைப் பிடித்துச் சொன்ன வார்த்தை. போடி வெளியே என்று தேவானையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மாமிக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "இப்படிக் கூடப் பண்ணுவாளா ஒருத்தி" என்று தலையில் தட்டிக்கொண்டாள். பிறகு குரலை இறக்கினாள்.

"ஆனா ஹம்சா, அஞ்சு நாளா இவ கைதான் பட்டுண்டிருக்கு. குழந்தைக்கும் பழகிடுத்து. நடுவுல கை மாத்தப்படாதுன்னு நீதானே சொல்லுவே? ஜெயஸ்ரீக்கு நீயே சொன்னது, அவ பயப்படறா. நாப்பது நாள் ஆகட்டும். அடுத்த குழந்தைக்கு நீதான், என்ன? இரு, காபி கலக்கறேன்."

உள்ளறையிலிருந்து ஜெயஸ்ரீ எட்டிப் பார்த்தாள். ஹம்சாவைக் கண்டதும் தலையைக் குனிந்து குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். தேவானை செய்தது நெஞ்சில் குத்தியதென்றால், இது அதற்கு மேலேயே ஏறி மிதித்தது. ஹம்சா காபிக்கு நிற்கவில்லை.

தி.நகரில் இனாயத் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அவங்க பேருல கீற நம்பர்க்கா. நா இன்னா பண்ண முடியும்? உங்க பேருல புதுசா ஒண்ணு போட்டுடலாம். எந்தக் கம்பெனி வேணும்?"

"எதுவா இருந்தா இன்னா. மூடாத கம்பெனியா பாத்து குடு."

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆதார் கார்டை எடுத்தபோது வசம்பு வளையலும் கூடவே மேஜைமேல் விழுந்தது. "இன்னாக்கா இது?" என்றார் இனாயத். "ஒண்ணியும் இல்ல" என்று எடுத்து மறுபடி முடிந்துகொண்டாள்.

"வேற ஒரு நம்பர் சொல்லுங்க. ஓடிபி வரும்."

ஹம்சாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உலகத்திலேயே ஒரே ஒரு நம்பர்தான். யோசிப்பதற்குள் வாய் பத்து எண்ணையும் சொல்லிவிட்டது. இனாயத்தும் பழக்கத்தில் தட்டிவிட்டார். தட்டிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

"ஐயையே, அது அவங்களுக்கில்ல போயிருக்கும்? போன் பண்ணிக் கேக்கறீங்களா?"

தன் போனிலிருந்தே அடித்து அவள் கையில் கொடுத்தார். இரண்டே மணி. உடனே எடுத்தாள் தேவானை. நேருக்கு நேர் பார்த்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குரலில் ஒரு கூச்சம், ஒரு தடுமாற்றம் இருக்க வேண்டுமே! கொஞ்சம் கரகரப்பாக, ஹம்சா பேசுவது போலவே இழுத்துப் பேசினாள்.

"சொல்லுங்கம்மா, ஹம்சாதான் பேசறேன். கொழந்த பொறந்து எத்தினி நாளாவுது?"

ஹம்சா யாரிடமும் முதலில் கேட்கிற கேள்வி அது. அந்தக் கேள்வியைக்கூட விட்டுவைக்கவில்லை பாவி.

"ஒம்போது நாளு" என்றாள் ஹம்சா.

"அண்ணி?" என்றாள் தேவானை, தன் சொந்தக் குரலில்.

"நாளைக்கும் தண்ணிய ஒசரத்துலேந்து ஊத்தாத. கழுத்து இன்னும் நிக்கல அதுக்கு. நாப்பது நாளும் ஒழுங்கா போ, நடுவுல வுட்டுட்டு ஓடிடாத."

சிவப்புப் பொத்தானை அழுத்திப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஓடிபி கேட்டீங்களாக்கா?"

"கேக்கல" என்றாள் ஹம்சா. "உன் நம்பரயே போட்டுக்கோ. எனக்கு வேற யார் நம்பரும் தெரியாது."