கழுவாத துண்டு

1

இந்தக் கதை நான் யோசித்ததல்ல, திருடியது. திருவொற்றியூரில் ஏறிய ஷேர் ஆட்டோவில், முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் செல்போனை எட்டிப் பார்த்தேன். திரையில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு படம், வேர்க்குரு வந்த முதுகைப் போல. "தோல் டாக்டரா நீங்க?" என்று கேட்டேன். "இது பிளாஸ்டிக் சார். மருந்து கவர் செய்யிற பிளாஸ்டிக்கோட மேல்தோல்" என்றவள், ராயபுரம் வருவதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள், முடிவைத் தவிர. நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் ஒரு நிபந்தனை வேறு: "என்னை நல்லவளா மட்டும் எழுதிடாதீங்க."

அவளுக்குக் கார்குழலி என்று பெயர் வைத்திருக்கிறேன். எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

எண்ணூர்க் கழிமுகத்தின் மேல் சூரியன் — (வேண்டாம். அவர் எல்லாக் கதையிலும் உதித்துக் களைத்துப் போயிருக்கிறார்.)

கார்குழலிக்குத் தன் வேலையின் மேல் தீராத காதல் — (பொய். மாசம் பிறந்தால் சம்பளம், அவ்வளவுதான்.)

கார்குழலிக்குக் கை நடுங்கியது. (இது இருக்கட்டும்.)

2

கார்குழலிக்குக் கை நடுங்கியது. எண்ணூரில் ஒரு பிளாஸ்டிக் உறைத் தொழிற்சாலை. அதன் சோதனைக்கூடத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். மேனேஜர் சுப்பராயன் அப்போதுதான் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். "சாயங்காலத்துக்குள்ள படம் வேணும்மா. வந்துட்டா கெங்கம்மாவை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடலாம்."

நடந்தது இதுதான். குழந்தைகளுக்கான மருந்துப் பொடி உறையில் 'ஒரு வயதுக்குக் கீழ் பாதி அளவு' என்று அச்சிட்டிருந்த வரி, விரலால் தேய்த்தால் உரிந்து வந்தது. வாங்கிய கம்பெனி மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டது. பிளாஸ்டிக் பிறவியிலேயே வழவழப்பு, மை அதில் நிற்காது. ஆகவே அச்சுக்கு முன்னால் மின்பொறி பாய்ச்சி அதன் மேற்பரப்பைக் கொஞ்சம் சீண்டி விடுவார்கள். அந்த மெஷினை ஓட்டுகிறவள் கெங்கம்மா. அசட்டையாக இருந்து பொறியைக் குறைத்துவிட்டாள் என்பது சுப்பராயனின் தீர்ப்பு. தீர்ப்பு தயார், சாட்சிதான் பாக்கி.

சாட்சி சொல்ல வேண்டியது ஊசி மெஷின்.*

(* அணுவிசை நுண்ணோக்கி என்பது முழுப்பெயர். கண்ணுக்கே தெரியாத ஊசிமுனை ஒன்று மேற்பரப்பை வரி வரியாகத் தடவி, மேடு பள்ளங்களைப் படமாக வரையும். வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தால் காட்டுவதற்காக வாங்கியது. அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன்; உங்கள் நல்ல காலம்.)

படம் வந்தது. கை நடுங்கியது அதைப் பார்த்துத்தான். சமதளம், ஒரு மேடு கிடையாது. பொறி பட்ட அடையாளமே இல்லை. போன வருஷம் இதே போன்ற ஒரு படத்தால்தான் அந்தப் பொறி மெஷினை ஓட்டிய அன்பரசன் வேலையை இழந்தான். அவன் மறுபேச்சுப் பேசாமல் வெளியேறினான். அந்தப் படத்தை எடுத்தவளும் கார்குழலிதான்.

3

இந்த இடத்தில் கெங்கம்மா உள்ளே வருகிறாள். கண்ணில் நீரோடு, கைகூப்பியபடி, ஏழைத் தாயாக —

இல்லை. நிபந்தனை கெங்கம்மாவுக்கும் பொருந்தும். கார்குழலிக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனபோது, அதற்குக் கண்ணும் காதும் வைத்துத் தெரு முழுக்கப் பரப்பிய புண்ணியவதி இந்தக் கெங்கம்மாதான். சமதளப் படம் வந்தபோது கார்குழலியின் மனதில் முதலில் எழுந்தது சந்தோஷம். கை நடுங்கியதும் அதனால்தான்.

"இன்னா குழலி, படம் வந்திச்சா?"

"வந்துச்சிக்கா. மழமழன்னு கீது. நீ பொறிய கொறச்சிட்டேன்னு அர்த்தம்."

"கொறச்சனா? நானா? நா ரெண்டு தபா உட்டேன்டி! கடல் காத்து ஈரமா அடிச்சிகினு இருந்திச்சி, மையி நிக்காம பூடுமோன்னு பயந்து, ஓடி முடிச்ச பிளாஸ்டிக் ரோலையே திருப்பிப் போட்டு இன்னொரு தபா உட்டேன். கொயந்த மருந்தாச்சே!"

கார்குழலி நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி படத்தைப் பார்த்தாள். பொறி அளவுக்கு மிஞ்சினால் பிளாஸ்டிக்கின் மேல்தோல் சிதைந்து நுண்ணிய பிசுபிசுப்புத் துளிகளாகத் திரண்டு நிற்கும். மை அந்தத் துளிகளின் மேல் ஒட்டும்; துளிகள் உரியும்போது தானும் உரிந்து வரும். உதிரும் சுண்ணாம்புச் சுவரில் பெயிண்ட் அடித்த கதைதான். கெங்கம்மா சொல்வது நிஜமென்றால் படம் முழுக்கத் துளிகள் இருந்திருக்க வேண்டும். துளிகள் எங்கே போயின?

தண்ணீரில் போயின.

(எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புகைபோக்கிச் சாம்பல் வீட்டுக்குள் வந்து படியும் ஊர் அது. கழுவிக் கவிழ்த்த தட்டையும் சோறு போடுவதற்கு முன்னால் இன்னொரு தரம் அலசுவார்கள். அங்கே பிறந்து வளர்ந்த கார்குழலி, ஒவ்வொரு துண்டையும் சுத்த நீரில் அலசி, உலர்த்தி, அப்புறம்தான் ஊசிக்கடியில் வைப்பாள். யாரும் சொல்லித் தந்ததில்லை, யாரும் தடுத்ததுமில்லை. மெஷின் வந்த நாளிலிருந்து அப்படித்தான். அலசியதில் துளிகள் கரைந்து போக, அடியிலிருந்த வழவழப்பைத்தான் ஊசி தடவியிருக்கிறது.)

4

திரும்பி வந்த ரோலிலிருந்து புதிதாக ஒரு துண்டு வெட்டினாள். பழக்கத்தில் கை குழாய்ப் பக்கம் நீண்டது; பிடித்து இழுத்துக்கொண்டாள். ஊசி இறங்கியது.

படம் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாகத்தான் வரும். கார்குழலி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வராமல் போனால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தாள்; அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். மேலே ஒரு புள்ளி தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. பாதிப் படம் வருவதற்குள் திரை கொள்ளாத துளிகள்.

"இன்னாது இது, கொப்பளம் கொப்பளமா?"

"நீ கொறைக்கலக்கா. ஜாஸ்தியா உட்டுட்ட."

"ஜாஸ்தி உட்டா தப்பா?"

"தப்புதான். ஆனா அசட்டை இல்ல. வேல போவாது."

"அப்பால இன்னா? சாராண்ட சொல்லு." கெங்கம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். நன்றியெல்லாம் சொல்லவில்லை.

இந்தப் படத்தை அனுப்பினால், முதல் படம் ஏன் வேறு மாதிரி வந்தது என்ற கேள்வி வரும். கழுவினேன் என்று சொல்ல வேண்டும். போன வருஷமும் கழுவினாயா என்று அடுத்த கேள்வி. அதற்குப் பிறகு கார்குழலிக்கு அந்த நாற்காலி இருக்காது.

5

முடிவு அ: இரண்டு படத்தையும் அனுப்பி, தன் தவற்றை எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். (எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: கழுவிய படத்தை மட்டும் அனுப்புகிறாள். கெங்கம்மா கேட்டைத் தாண்டும்போது — (இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை.)

முடிவு இ: கரண்ட் போய்விடுகிறது. (கோழைத்தனம். என்னுடையது.)

ஒன்று மட்டும் உறுதி. சுப்பராயன் மறுபடி தலையை நீட்டினார். "அனுப்பிட்டியாம்மா?"

"அனுப்பிட்டேன் சார்."

எந்தப் படத்தை? நான் எழுதப் போவதில்லை. நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆனால் தேர்ந்தெடுக்கிறவர்தான் நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

முதல் படம் என்றால் சுலபம். கேட்டருகே கெங்கம்மா நிற்கிறாள். உங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவாள், காதைப் பொத்திக்கொண்டு வந்துவிடலாம்.

இரண்டாவது என்றால் காசிமேட்டுக்குப் போங்கள். படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறவர்களில் அன்பரசன் இருப்பான். அன்று அவன் ஏன் வாதாடாமல் போனான் என்று நான் உங்களிடம் சொல்லவில்லை. அவன் அந்தப் படத்தை நம்பினான். மெஷின் பொய் சொல்லாது, நான்தான் நின்றபடியே கண்ணசந்து பொறியைக் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று வீட்டில் சொன்னான், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். நீங்கள் விஷயத்தைச் சொன்னதும் அவனுக்குக் கோபம் வராது. தோளில் இருக்கும் ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உங்களைப் பார்ப்பான்.

"அப்போ... அன்னிக்கி நா தூங்கலியா?"