கசத்துக் காவல்

சுருளி அருவிக்குக் கீழே, ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு கசம் இருந்தது. கரையில் நின்று பார்த்தால் இடுப்பளவுத் தண்ணீர்தான் என்று தோன்றும். இறங்கினால் இரண்டு ஆள் ஆழம். முழுக்குப் போட வரும் வெளியூர்க்காரர்களில் வருஷத்துக்கு ஒருவரையாவது அது உள்ளே இழுத்துவிடும். அப்போதெல்லாம் சுருளிப்பட்டிக்கு ஆள் ஓடி வரும். அந்த ஊர் விவசாயி வீரணன் மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டு ஓடுவான். அமாவாசை நாட்களில் யாரும் கூப்பிட வேண்டியதில்லை, காலையிலேயே போய்க் கரையில் உட்கார்ந்துவிடுவான்.

இருபது வருஷத்தில் அவன் உயிரோடு தூக்கியவர்கள் பலர். பிணமாகத் தூக்கியவர்களும் உண்டு. இரண்டில் எது என்பதை அவன்தான் சொல்வான். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "போயிருச்சுப்பா" என்றால் கூட்டம் அழத் தொடங்கும். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

எழுபத்து நாலாம் வருஷம் மாசியில் சுற்றுலா ஆபீஸ் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். அருவிக்குக் கூட்டம் பெருகிவிட்டது, சம்பளத்துக்கு இரண்டு காவலர் போடப்போகிறோம் என்றார்.

"நீங்கதான் ஆள் தூக்குறீங்கன்னு ஊரே சொல்லுது. ஆனா சர்டிபிகேட் இல்லாம ஆர்டர் போட முடியாது."

"இந்தக் கசத்துல நான் முழுகாத இடம் இருக்கா சார்?"

"எனக்குத் தெரியுது. பைலுக்குத் தெரியணுமே. மதுரையில பதினஞ்சு நாள் டிரெயினிங். பரீட்சை வைப்பாங்க. பாஸ் பண்ணிட்டா வேலை உங்களுக்கு."

வீரணனுக்கு அது அவமானமாக இருந்தது. வீட்டில் வந்து, "எனக்கு நீச்சல் சொல்லிக்குடுக்கப் போறாகளாம்" என்று பொருமினான். மனைவி சங்கிலியம்மாள்தான், "சொல்லிக்குடுத்தாக் கேட்டுக்க. காது என்ன தேஞ்சா போயிரும்?" என்று துணிமூட்டையைக் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

மதுரை நீச்சல் குளத்தில் தண்ணீர் நீலமாக, அடியில் கிடந்த காசு தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. மருந்து வாடை அடித்தது. பல ஊர்களிலிருந்து பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பழனிசெட்டிபட்டி தங்கபாண்டியும் அதில் ஒருவன். அருவிக்கு இரண்டாவது காவலராக வரப்போகிறவன் அவன்தான். பயிற்சி கொடுத்தவர் பெயர் ஜெபமணி. முப்பது வயதுகூட இருக்காது. கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். கப்பல்படையில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்தவர்.

முதல் நாள் வீரணன் எல்லாரையும் முந்திக்கொண்டு போய் மறுகரையைத் தொட்டான். ஜெபமணி கைகட்டி நின்று பார்த்தார்.

"நல்லா நீந்துறீங்கண்ணே. ஆனா நீந்துறது வேற, காப்பாத்துறது வேற."

வீரணனுக்குச் சுருக்கென்றது. ஆனால் நாலு நாளில் அவர் சொன்னது உண்மை என்று புரிந்தது. முழுகுகிறவனிடம் முன்பக்கமாகப் போகக்கூடாது. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டால் எப்படி உருவிக்கொள்வது, தாடையைப் பிடித்து மல்லாக்க எப்படி இழுத்து வருவது என்று ஒவ்வொன்றாக வந்தது. இத்தனை வருஷம் தான் சாகாமல் இருந்ததே அதிர்ஷ்டம் என்று தங்கபாண்டியிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். பாடம் அவனுக்குப் பிடித்துப்போனது.

ஒன்பதாம் நாள் ஜெபமணி தங்கபாண்டியைக் குளத்தோரம் மல்லாக்கப் படுக்கவைத்தார்.

"ஆளைக் கரையில போட்டாச்சு. மூச்சு இல்ல. இப்ப என்ன செய்வீங்க?"

"தலைகீழாத் தூக்கி உதறி, தண்ணிய எடுக்கணும்" என்றான் வீரணன்.

"அதுல நேரந்தான் போகும்." ஜெபமணி தங்கபாண்டியின் நெற்றியில் கைவைத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தார். தாடையை உயர்த்தினார். மூக்கைப் பிடித்துக் காட்டினார். "வாயோட வாய் வச்சு ஊதணும். நெஞ்சு ஏறுதான்னு பாக்கணும். திரும்ப ஊதணும். மூச்சு நின்னுபோன ஆளெல்லாம் செத்த ஆள் இல்ல. சில பேரு நடுநடுவுல கரையில போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து ஒரு இழுப்பு இழுப்பாங்க. அதைப் பாத்துட்டு மூச்சு வந்துருச்சுன்னும் விடக்கூடாது, கடைசி மூச்சுன்னும் விடக்கூடாது. அப்பத்தான் ஊதணும்."

வீரணன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"எம்புட்டு நேரத்துக்குள்ள சார்?"

"நாலு நிமிஷத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது. நேரம் தாண்டினாலும் நிறுத்தக் கூடாது. டாக்டர் வந்து சொல்ற வரைக்கும் ஊதணும். செத்துட்டாங்கன்னு சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது."

ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஆடி அமாவாசை வீரணன் கண்முன் வந்து நின்றது. அருவிப் பாதையில் தேங்காய், சூடம் விற்கும் பவுனுவின் மகள் முருகம்மாள். பதினோரு வயது. குடத்தைக் கழுவப் போனவள் கசத்தில் வழுக்கினாள். வீரணன் பத்தடி தூரத்தில்தான் இருந்தான். குதித்து, இரண்டாவது முழுக்கிலேயே அவளைத் தூக்கிவிட்டான். உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. காலைப் பிடித்துத் தலைகீழாக உதறினான். தண்ணீர் கொஞ்சம் வந்தது. கீழே கிடத்தி மூக்கில் விரல் வைத்தான். ஒன்றும் இல்லை. "போயிருச்சு பவுனு" என்றான்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது. பிள்ளையின் வாய் திறந்து ஒரு இழுப்பு இழுத்தது. பவுனு அலறினாள்: "அண்ணே, எம்புள்ள மூச்சு விடுதுண்ணே!" அவன் அவள் தோளைப் பிடித்து, "அது தண்ணி வெளிய வர்ற சத்தம் ஆத்தா, மனசத் தேத்திக்க" என்றான். இன்னும் இரண்டு முறை அந்தச் சத்தம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. கூட்டம் மொத்தமும் பார்த்துக்கொண்டு நின்றது. அவனும் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாயங்காலம் ஜெபமணி தனியாக இருக்கும்போது வீரணன் போய் நின்றான்.

"சார், ஒருத்தன் தெரியாம விட்டுட்டான்னா?"

ஜெபமணி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே, "எதைண்ணே?" என்றார்.

"அந்த இழுப்பு வந்தும், ஊதாம விட்டுட்டா?"

"பரீட்சையில மார்க்குப் போயிரும்" என்று சிரித்தார் அவர். "பயப்படாதீங்க, நீங்கதான் இந்தச் செட்டுல முதல்ல வருவீங்க."

அப்படித்தான் வந்தான். செய்முறைப் பரீட்சையில் தங்கபாண்டியின் தலையைச் சாய்த்தபோது அந்த வாயையே ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் ஊதினான். மற்றபடி ஒரு பிழை இல்லை. சர்டிபிகேட்டில் முதல் வகுப்பு என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்கள்.

சித்திரையில் வேலைக்குச் சேர்ந்தான். சிவப்புத் தொப்பி, விசில், கயிறு கட்டிய ரப்பர் டியூப். முதல் நாளே பவுனு ஒரு தேங்காயை உடைத்துக்கொண்டு வந்தாள். புருஷன் இல்லாதவள். முருகம்மாள் ஒரே பிள்ளை. மகளை மீன் கடிக்காமல், முகம் சிதையாமல் எடுத்துக் கொடுத்தவன் என்று அவனிடம் அவளுக்கு ஒரு பாசம். கூடப் பிறந்தவனைப் போல நடத்துவாள்.

"சர்க்காரே உன்னயப் படிக்க வச்சிருக்காக. இனி இங்கன யாரும் சாக மாட்டாகல்ல?"

அவன் தேங்காய்ச் சில்லைக் கையில் வைத்தபடியே நின்றான். சாப்பிடவில்லை.

இரண்டு வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. சங்கிலியம்மாள் விடாமல் கேட்டதில் ஒருநாள் கொட்டிவிட்டான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சொன்னாள்: "அவகிட்டப் போயி வாயத் திறந்துறாத. தெரிஞ்சு செஞ்சயா நீ? அவ ஒரு மாதிரி ஆறிக்கெடக்கா. அப்பிடியே கெடக்கட்டும்."

அவள் சொன்னது சரிதான் என்று அவனுக்கும் தெரிந்தது. ஆனால் தினமும் பவுனு, "சாப்ட்டியாண்ணே?" என்று கேட்கும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. கூட்டமில்லாத ஒரு மத்தியானம் அவள் கடை முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பாடத்தைச் சொன்னான். மீனைப் போன்ற இழுப்பைச் சொன்னான்.

பவுனு சூடப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு நின்றது.

"அப்ப அது மூச்சுதானா?"

"முழு மூச்சு இல்ல. ஆனா... ஊதியிருந்தா வந்திருக்கும். வந்திருக்கலாம்."

"நான் சொன்னேனேண்ணே. எம்புள்ள மூச்சு விடுதுன்னு சொன்னேனே."

"சொன்ன பவுனு."

அவள் அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தான். எதுவும் நடக்கவில்லை. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத ஏன் எங்கிட்டச் சொன்ன? அவ விதி, தண்ணி எடுத்துக்கிருச்சுன்னு இருந்தேன். இனிமே நான் என்னன்னு சொல்லிக்கிட்டுத் தூங்குவேன்? உன் பாரத்த எறக்கி என் தலையில வச்சிட்டுப் போறயே."

 வீரணன் எழுந்து கசத்தின் பக்கம் போய்விட்டான். அன்றிலிருந்து அவள் அவனிடம் பேசவில்லை.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போடிக் கடைவீதி ஜவுளி வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய மகன் குருசாமி, கல்லூரி மாணவன், பாறையிலிருந்து குதித்தவன் மேலே வரவில்லை. வீரணனும் தங்கபாண்டியும் சேர்ந்து தூக்கினார்கள். மூச்சு இல்லை. வீரணன் தலையைச் சாய்த்தான், மூக்கைப் பிடித்தான், ஊதினான். தகப்பனார் மகனின் காலடியில் விழுந்து கதறினார். கூட்டத்தில் யாரோ, "போனதப் போயி ஊதிக்கிட்டு" என்றார்கள். அவன் நிறுத்தவில்லை. உதடு மரத்துப்போனது, தலை சுற்றியது. தங்கபாண்டி, "நான் மாத்திக்கிறேண்ணே" என்றபோதும் விடவில்லை. கடைசியில் பையனின் நெஞ்சு தானாக ஒருமுறை தூக்கிப்போட்டது. இருமினான். வாந்தி எடுத்தான். "அம்மா" என்றான்.

கூட்டம் ஓவென்று கத்தியது. வியாபாரி வீரணனைக் கட்டிக்கொண்டு அழுதார். யாரோ மாலையைக்கூட வாங்கி வந்து போட்டார்கள். வீரணன் ஈரத்தோடு பாறையில் உட்கார்ந்திருந்தான். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பவுனு வந்தாள். எதிரே நின்றாள்.

"எம்புட்டு நேரம் ஊதுன?"

"தெரியல. பத்து நிமிஷம் இருக்கும்."

"அவன் தண்ணிக்குள்ள எம்புட்டு நேரம் கெடந்தான்?"

 தங்கபாண்டி விவரம் தெரியாமல், "மூணு நிமிஷம் இருக்கும்க்கா. சரியான ஆழத்துக்குப் போயிட்டான்" என்றான்.

"எம்புள்ள அம்புட்டு நேரம்கூடக் கெடக்கல" என்றாள் பவுனு. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. திரும்பிப் போய்விட்டாள். மறுவாரம் அவள் கடை இருந்த இடத்தில் ஒரு வளையல்காரர் உட்கார்ந்திருந்தார். பவுனு உத்தமபாளையத்தில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டாள் என்றார்கள்.

ஆடி அமாவாசை வந்தது. காலையிலிருந்து பஸ் பஸ்ஸாகக் கூட்டம் இறங்கியது. வீரணன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கசத்தைப் பார்த்தான். அன்றைக்கு அங்கே நிற்க அவனால் முடியவில்லை. "செத்த நேரம் பாத்துக்கப்பா" என்று தங்கபாண்டியிடம் சொல்லிவிட்டு, ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பஸ்ஸில் ஏறினான். கம்பத்தில் மாறி உத்தமபாளையம் போனான்.

பவுனு சந்தைக்குப் பக்கத்துத் தெருவில், தங்கச்சி வீட்டு வாசலில், முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தாள். அவனைப் பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் தெருவிலேயே நின்றான்.

"பவுனு, நான் வேலைய எழுதிக் குடுத்திரலாம்னு இருக்கேன்."

அவள் ஒரு காயை உரித்து முடித்தாள்.

"இன்னிக்கு அமாவாசையில்ல?"

"ஆமா."

"கூட்டமா?"

"எக்கச்சக்கக் கூட்டம்."

"கசத்துக்கிட்ட யாரு நிக்கா?"

"தங்கபாண்டி."

"ஒத்தையிலயா?"

 பவுனு முறத்தைக் கீழே வைத்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அலறியதைப் போல அவள் அலறவில்லை. வார்த்தை மெதுவாகத்தான் வந்தது.

"எவ பெத்த பிள்ளையோ அங்கன குளிச்சிட்டிருக்கு. நீ இங்கன வந்து என்ன செய்ற? போ."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"போண்ணே" என்றாள் அவள். மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

கம்பம் பஸ் நிற்குமிடம் வரைக்கும் வீரணன் ஓடினான்.