ரிப்பனுக்குப் பின்னால் வஞ்சிரம்

கிளிஞ்சல்மேட்டு மீன் ஏலக்கூடத்துக்குச் சூரிய ஒளியில் ஓடும் குளிர்பெட்டி வந்துவிட்டது. திறப்பு விழா காலை பத்து மணிக்கு. பெட்டி காலியாக இருந்தால் படம் எடுபடாது என்று, உதவிப் பொறியாளர் ஜெயபிரகாஷ் மீன் விற்கும் அஞ்சுகத்தின் வஞ்சிரத்தைக் கேட்டு வாங்கி உள்ளே வைத்து, மூடியின் குறுக்கே சிவப்பு ரிப்பனையும் கட்டிவிட்டார்.

"ஐஸ் போட வேணாமா சார்?"

"ஐஸ் போட்டா சோலாருக்கு என்னம்மா மரியாதை? விழா முடிஞ்சதும் எடுத்துக்க."

அது சும்மா மீன் இல்லை. சாயங்காலம் நெடுங்காட்டில் மறுவிருந்து. விருந்து வைக்கும் மாணிக்கவேல் இவளை நம்பி வேறு யாரிடமும் மீன் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் கட்சிக்காரர்கள் வந்தார்கள். தலைவர் சிரிக்கும் ஃபிளெக்ஸைக் கூரையின் தென்விளிம்பில் தூக்கி நிறுத்தினார்கள். மார்கழி வெயில் சாய்ந்து வரும் பக்கம் அதுதான். தலைவரின் நிழல் சோலார் தகடுகளை முழுசாக மூடியது. பெட்டியின் முனகல் நின்றது.

"சார், பொட்டி மூச்சே விடல."

"பேட்டரி ரெண்டாங் கட்டத்துலதாம்மா வருது."

"அந்த பேனரக் கொஞ்சம் நகட்டச் சொல்லுங்களேன்."

அவர் அண்ணாந்து தலைவரைப் பார்த்தார். "நானா? எனக்குப் புள்ளகுட்டி இருக்கும்மா."

மைக்குக்கும் மின்விசிறிக்கும் டீசல் ஜெனரேட்டர் ஓடியது, கழிப்பறைக்குப் பின்னால், புகை கேமராவில் விழாத இடத்தில். அதை ஓட்டும் காஜா மைதீன் இரக்கப்பட்டான். "ஒயர் இழுத்துத் தர்றேங்க்கா."

ஜெயபிரகாஷ் பதறிவிட்டார். "சோலார் பொட்டிக்கு டீசல் கரண்டா? பேப்பர்ல வந்தா என்னை ஆந்திராப் பக்கம் ஏனாமுக்கு மாத்திடுவாங்கய்யா!"

"அப்ப மீனையாவது எடுத்துக்கறேன் சார்."

"ரிப்பன் கட்டியாச்சேம்மா!"

தலைவர் மூன்று மணிக்கு வந்தார். நிலக்கரி தீரும், டீசல் தீரும், சூரியன் தீரவே தீராது என்றார். பேச்சும் தீரவில்லை. கடைசியில் ரிப்பனை வெட்டி மூடியைத் தூக்கினார். கைக்குட்டை மூக்குக்குப் போனது. ஆனாலும் அனுபவசாலி. "இதுதான் நம்ம கடலோட மணம்!" என்றார். கைதட்டல் ஓய வெகுநேரமானது.

அஞ்சுகம் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். பழுப்பு. விரலால் அழுத்தினாள். பள்ளம் எழும்பவில்லை. ஏலம் காலையிலேயே முடிந்துவிட்டது. இனி வேறு மீனுக்கும் வழியில்லை.

கார்கள் போனதும், அடுத்த ஊர் விழாவுக்கென்று பேனரை அவிழ்த்தார்கள். மிச்ச வெயில் தகடுகளில் விழுந்தது. பெட்டி முனகிக்கொண்டு ஜில்லென்று குளிர ஆரம்பித்தது.

இடுப்பில் செல்போன் அடித்தது. மாணிக்கவேல்.

"அடுப்புப் பத்தவச்சாச்சு அஞ்சுகம். மீன் எங்க வருது?"

அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"பொட்டியிலதாங்க இருக்கு," என்றாள்.