நட்சத்திரம் ஒருமுறைதான் சாகும்

"அறிவிப்புல என் பேரைப் போடாதீங்க சார்."

வானியல் ஆய்வகக் கூட்டத்தில் அவள் இயக்குநரிடம் சொன்னாள். தூரத்து விண்மீன் மண்டலம் ஒன்றில் புதிதாக ஓர் ஒளிப்புள்ளி தெரிந்திருந்தது. நட்சத்திரம் வெடித்துச் சாகிறது, சூப்பர்நோவாதான் என்று இயக்குநர் முடிவு கட்டி, செய்தியாளர்களிடமும் சொல்லிவிட்டார். அதை முதலில் படம் பிடித்தவள் அவள்தான்.

"எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. நீ மட்டும் ஏம்மா முரண்டு பண்றே?" என்றார் அவர்.

"அது நட்சத்திரமே இல்லைன்னு நினைக்கிறேன். புள்ளி சரியா மண்டலத்தோட நடுமையத்துல இருக்கு. அங்க இருக்கற கருந்துளைக்குத் தீனி கிடைச்சிருக்கு. உள்ள விழற வாயு சூடேறி ஒளிருது, அதான் இந்த வெளிச்சம்."

"நிறமாலையைப் பார்த்தியா? சூப்பர்நோவா மாதிரிதானே இருக்கு?"

"சில சமயம் ரெண்டுக்கும் ஒரே மாதிரி வரும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதனால்தான் அவருக்குச் சுருக்கென்றது. அடுத்த மாத அட்டவணையில் பெரிய தொலைநோக்கிப் பக்கம் அவள் பெயரே இல்லை. பழைய படங்களில் தூசியும் கீறலும் பொறுக்கும் வேலையை அவள் தலையில் கட்டினார்கள். நேற்றுவரை அரட்டையடித்தவர்கள் நடைபாதையில் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வீட்டில் அக்கா தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"பத்துப் பேர் ஆமாங்கறப்ப நீயும் தலையாட்டிட்டுப் போனா என்னடி? நீ சொன்னது தப்பா இருந்தா?"

"தப்புன்னு நானே மேசை மேல ஏறி நின்னு சொல்றேன்."

"சரிதான். குப்புற விழுந்தாலும் மீசைல மண் ஒட்டாதும்பாங்க. உனக்கு அந்தக் கவலையும் இல்ல."

சிரித்தாலும் அவளுக்கு உள்ளூர உதறல்தான். வெடித்த நட்சத்திரமானால் சில மாதங்களில் மங்கிவிடும். பொறுத்திருந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த மண்டலம் அப்போது சூரியனுக்குப் பின்னால் போய்விட்டது. சில மாதம் கழித்து அது மறுபடி கிழக்கில் தலைகாட்டும்வரை அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, அக்காவோடு சண்டையும் ஓயவில்லை.

தலைகாட்டும் நேரம் வந்ததும் பெரிய தொலைநோக்கியை இயக்குபவனிடம் போனாள். கண் கூர்மையால் அவனுக்குக் கழுகு என்று பட்டப்பெயர்.

"விடியறதுக்கு முன்னாடி யாருமே கேக்காத அரைமணி இருக்குல்ல, அதைக் குடு."

"பெரியவர்கிட்ட கேட்டியா?"

"காலியா இருக்கற நேரம் எல்லாருக்கும் பொது. விதியைப் படிச்சுக் காட்டட்டுமா?"

"தாயே, வேணாம். வா."

தொலைநோக்கி அடிவானம்வரை குனிந்தது. முதல் படம் பனிமூட்டத்தில் கலங்கி வந்தது. இரண்டாவதும் அப்படியே. கிழக்கு வெளுக்கத் தொடங்கிய பிறகு வந்த மூன்றாவது படத்தில் புள்ளி இருந்தது. பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டாள். நம்பாமல் மறுபடி ஒப்பிட்டாள். மங்கவில்லை. சூரியனுக்குப் பின்னால் மறைந்தபோது இருந்ததைவிட ஒளி கூடியிருந்தது.

கழுகு வாயைப் பிளந்தான். "செத்தது எந்திரிச்சு உக்காருமா?"

"நட்சத்திரம் ஒரு தடவைதான் சாகும்" என்றாள்.

கணினியில் நாலு வரி தட்டினாள். பிறகு இயக்குநருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"ரெண்டு வாரம் பொறு" என்றார் அவர், தூக்கக் குரலில். "பக்குவமா நாமளே சொல்லிக்கலாம்."

"மேற்கே இன்னும் இருட்டா இருக்கு சார். அங்க இருக்கற ஆய்வகங்க இப்பவே பார்க்கணும்."

"என்னை மீறி அவங்களுக்குச் செய்தி அனுப்பினா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"அனுப்பிட்டுத்தான் கூப்பிட்டேன்."

மதியத்துக்குள் கடல் கடந்த இரண்டு ஆய்வகங்கள் அவள் அளவை உறுதி செய்தன. சூப்பர்நோவா அறிவிப்பை இயக்குநர் ஒரே வரியில் திரும்பப் பெற்றார். அவளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பெரிய தொலைநோக்கியில் அவளுக்குரிய நேரத்தையும் திருப்பித் தரவில்லை.

"இப்பவாவது போய் ஒரு வார்த்தை பேசு" என்றாள் அக்கா.

"அவர் பேசட்டும். எனக்கு வேலை இருக்கு."

மறுநாளும் விடியுமுன் அவள் குவிமாடத்தின் படியேறினாள். கேட்காமலேயே கழுகு கதவைத் திறந்து வைத்திருந்தான்.