எண்பத்தேழாம் வீட்டின் முதல் வரி

1

உண்மையை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை மூன்றே மூன்று. எதிர்வீட்டு மாடிக் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்த 87 என்ற எண். அந்த வீட்டு வாசலில் குப்பைக்கூடையோடு சாய்ந்து கிடந்த ஒரு புது அடுப்பின் அட்டைப்பெட்டி. மஞ்சள் ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தினமும் காலையில் மாடிப்படி இறங்கும் ஒரு பெண். மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த டீச்சர்தான் இதைத் தொடங்கிவைத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்துகிறவர். எங்கள் தெருவையும் பக்கத்து மூன்று சந்துகளையும் அவர் தலையில் கட்டியிருந்தார்கள். தோளில் துணிப்பை, அட்டையில் சொருகிய படிவம், கையில் சாக்பீஸ். என் கதவைத் தட்டினார்.

"வீட்ல எத்தனை பேருங்க?"

"யாரும் இல்லைங்க" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்க யாரு?"

"நான் மட்டும்தான்."

"ஒரு ஆள்னு சொல்லுங்க சார். யாரும் இல்லைன்னு நான் எழுதிட்டுப் போனா, இந்த ஊர்க் கணக்குல ஒரு தலை குறைஞ்சிடும். என் கணக்குல இதுவரைக்கும் ஒரு தலை குறைஞ்சதில்லை."

கொஞ்சம் கோபமாகவும் நிறையப் பெருமையாகவும் அதைச் சொன்னார். பதினோரு வருடமாகத் தனியாக இருக்கிறேன். இதுவரை யாரும் என்னை இவ்வளவு அழுத்தமாக ஒரு ஆள் என்று சொன்னதில்லை. மனசுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

அந்த உற்சாகத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "டீச்சர், எல்லா வீட்டுக்கும் கீழ்வாசல் கதவுலதானே நம்பர் போடுறீங்க. எதிர்வீட்ல மட்டும் ஏன் மாடிக் கதவுல?"

"அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாதுங்க. உங்க விஷயத்தை அவங்ககிட்ட சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்றார். பிறகு, தொழில் என்ற கட்டத்தில் நான் சொன்னதைத் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டு, "எழுதுறவருன்னு போட்டிருக்கீங்களே, நீங்களே எழுதிக்குங்க" என்று சிரித்தபடி படியிறங்கிப் போய்விட்டார்.

எழுதிக்கொண்டேன்.

2

தொடக்கம் நாலு முறை மாறியது.

'எண்பது லட்சம் பேர் வாழும் அந்தப் பெருநகரத்தில், ஒரு பெண் தன் தம்பியின் வீட்டு மாடியில்…' இது செய்தித்தாள். அடித்தேன்.

'அடுப்பைப் பற்ற வைக்க அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அன்று…' இது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வரியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன், பின்னால் வரும்.

'தம்பி என்பவன் யார்? தம்பி என்பவன்' (இதற்கு மேல் எழுத எனக்கே வெட்கமாக இருந்தது.)

கடைசியில் விதிமுறையிலிருந்து தொடங்குவதே சரி என்று பட்டது. கணக்கெடுப்பில் குடும்பம் என்றால் ரத்த உறவு இல்லை. ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரு கூரைக்குள் இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். ஒட்டும் உறவும் இல்லாத ஒன்பது பேர் ஒரு பானையில் பொங்கித் தின்றால் அவர்கள் ஒரே குடும்பம். இவ்வளவு நேர்மையான விளக்கத்தை நான் எந்தக் கல்யாண மேடையிலும் கேட்டதில்லை.

(இடையில் ஒரு குறிப்பு: போன கணக்கெடுப்பின்படி இந்த நகரத்தின் சராசரிக் குடும்பத்தில் மூன்று புள்ளி ஆறு பேர். ஒன்பது கதவுக்கு ஒரு கதவில் என்னைப் போல ஒற்றை ஆள். இந்த எண்களைச் சும்மா படித்தால் கொட்டாவி வரும். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யாரோ வெயிலில் நின்று கதவைத் தட்டியிருக்கிறார்கள், யாரோ ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து திறந்திருக்கிறார்கள். எண்பது லட்சம் பேரையும் இப்படித்தான், ஆள் ஆளாக எண்ணி முடித்தார்கள். என் ஊரை நினைத்து எனக்குத் தலை நிமிர்கிறது.)

3

இப்போது அவளைச் செய்ய வேண்டும்.

முதலில் நர்ஸ் ஆக்கிப் பார்த்தேன். நர்ஸுக்கு ஏன் மஞ்சள் ஹெல்மெட்? மோட்டார் சைக்கிள் என்று சமாளிக்கலாம், ஆனால் அந்த வீட்டில் மோட்டார் சைக்கிள் இல்லை. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். ஆகவே அவள் கட்டட வேலையில் இருக்கிறாள். கல் சுமக்கிறவளா? இல்லை, நடையில் ஒரு மிடுக்கு இருக்கிறது. கிரேன் ஓட்டுகிறவள். அறுபது மீட்டர் உயரத்தில், ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து இரும்புக் கம்பிக் கட்டுகளைத் தூக்கி இறக்குகிறவள். வேலையிடத்தில் அவளுக்குப் பெயர் கிரேன் அக்கா.

வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. (ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். நானும் அரைப்பக்கம் ஒரு காதல் எழுதிப் பார்த்தேன். அவளுக்கு அது ஒட்டவே இல்லை. எடுத்துவிட்டேன்.) தம்பியைப் படிக்கவைத்தாள். மருந்துக்கடை வைத்துக் கொடுத்தாள். வீட்டை அவள்தான் கட்டினாள். தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் கீழ்வீட்டை விட்டுக்கொடுத்து, மாடியில் ஒற்றை அறையில் இருந்துகொண்டாள். மூன்று வேளைச் சாப்பாடும் கீழேயிருந்து தம்பி மனைவி அனுப்பிவைப்பாள்.

இதிலெல்லாம் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குறை வேறு. பத்து வருடத்துக்கு முந்தைய கணக்கெடுப்பில் தம்பிதான் பதில் சொன்னான், அவள் வேலைக்குப் போயிருந்தாள். அன்று சாப்பிடும்போது அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, உன்னை நாலாவதா எழுதிட்டுப் போனாங்க."

முதல் வரியில் அவன். அடுத்து அவன் மனைவி. அடுத்து மூன்று வயது மகள். அந்தக் குழந்தைக்குக் கீழே, நாலாவது வரியில் அவள். உறவு: தலைவரின் சகோதரி. தொழில்: சார்ந்திருப்பவர்.

சார்ந்திருப்பவர்! அவள் கையசைத்தால் இந்த ஊரில் மாடி எழும்புகிறது. அன்றைக்கு அவள் சோற்றை முடித்துவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். ஆனால் பத்து வருடம் அந்த நாலாவது வரியை மறக்கவில்லை.

4

இந்த முறை டீச்சர் தெருவுக்கு வருகிற நாளைத் தெரிந்துகொண்டு கிரேன் அக்கா லீவு போட்டாள். மேஸ்திரி முகம் சுளித்தார். "நான் லீவு போட்டா கட்டடமே லீவு, தெரியும். ஒரு நாளைக்குக் கட்டடம் கொஞ்சம் உக்காந்திருக்கட்டும்" என்றாள்.

முந்தின நாளே ஒரு ஒற்றை அடுப்பு, சிலிண்டர், இரண்டு பாத்திரம், ஒரு கரண்டி எல்லாம் வாங்கி மாடிக்கு ஏற்றிவிட்டாள். அவள் திட்டம் எளிமையானது. அடுப்பு தனி என்றால் குடும்பம் தனி. ஒரே ஆள் இருக்கிற குடும்பத்தில் முதல் வரியை அவளிடமிருந்து யார் பிடுங்க முடியும்?

டீச்சர் மாடிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பியும் பின்னாலேயே ஏறி வந்தான். விஷயம் தெரிந்ததும் அவன் முகம் சுண்டிப்போனது.

"அக்கா, என்ன இது? தனிக்குடும்பமா? தெருவுல என்ன பேசுவாங்க? கூடப்பொறந்தவளை ஒதுக்கி வச்சிட்டான்னு என்னைத்தானே காறித் துப்புவாங்க?"

"யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இது படிவத்துல மட்டும்தான்டா."

"படிவத்துல மட்டும்னா எதுக்கு இவ்வளவு பாடுபட்டு அடுப்பு வாங்கின?"

அவள் சிலிண்டரை ஓரமாகத் தள்ளி வைத்தாள். (அவன் கேட்டது நல்ல கேள்வி. தம்பியை வில்லனாக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அவன் அதற்கு இடம் கொடுக்கவில்லை.)

டீச்சர் எழுந்து அடுப்பருகே போனார். பர்னரை விரலால் தடவிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கர்கூட உரியவில்லை.

"இன்னிக்கு என்ன சமைச்சீங்க?"

கிரேன் அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"நேத்து?"

"டீச்சர்…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். அடுப்பைப் பற்ற வைக்க அவளுக்குத் தெரியாது. (பத்திரமாக வைத்திருந்தேன் என்றேனே, அந்த வரி.) இருபத்தாறு டன் இரும்பைத் தூக்கத் தெரிந்தவளுக்கு அரைப்படி அரிசியை வேகவைக்கத் தெரியாது. தெரிந்துகொள்ள அவளுக்கு நேரமும் இருந்ததில்லை, அவசியமும் வந்ததில்லை. அடுப்பு வாங்கினால் போதும் என்று நினைத்தாள். அதை எரிக்கவும் வேண்டும் என்பது அவள் கணக்கில் வரவே இல்லை.

"பொய்யா எழுத எனக்குக் கை வராதுங்க" என்றார் டீச்சர், மெதுவாக. "நீங்க கீழ் அடுப்புலதான் சாப்பிடுறீங்க. ஒரே குடும்பம்தான்."

கிரேன் அக்கா தலையை ஆட்டினாள். பெரிய காற்றில்கூட கிரேனை அசையாமல் நிறுத்தத் தெரிந்தவள், அழவில்லை. ஆனால் முகம் மட்டும் சிவந்துவிட்டது. அவளுக்குத் தோற்றுப் பழக்கமில்லை.

5

இங்கேயே கதையை முடித்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். விதி ஜெயித்தது, அக்கா தோற்றாள், வாசகர் பெருமூச்சு விடுவார், நான் காபி குடிக்கப் போகலாம். ஆனால் மாடிக் கதவில் அந்த 87 இருக்கிறதே. தோற்றவள் கதவில் டீச்சர் ஏன் எண் போட்டார்? அதற்கு நான் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

அதனால் டீச்சரைத் திரும்ப உட்காரவைத்தேன்.

அவர் படிவத்தைப் புரட்டினார். பேனாவை முதல் வரிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "குடும்பத் தலைவர் யாரு?" என்று கேட்டார்.

"நான்தான், எழுதுங்க" என்றான் தம்பி, பழக்கத்தில்.

"கொஞ்சம் இருங்க. தலைவர்னா ஆம்பளைன்னும் இல்லை, சம்பாதிக்கிறவங்கன்னும் இல்லை, வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்குன்னும் இல்லை. குடும்பம் யாரைத் தலைவரா நினைக்குதோ அவங்கதான். அதை நானும் முடிவு பண்ண முடியாது, நீங்க ஒருத்தர் மட்டும் முடிவு பண்ணவும் முடியாது. வீட்ல இருக்கிறவங்களைக் கேட்கணும்."

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி மனைவி மதியச் சாப்பாட்டுத் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். தினமும் அந்த நேரத்துக்குத்தான் வருவாள். நாத்தனாரை அவள் அண்ணி என்று கூப்பிடுவது வழக்கம். வாசலில் நின்றே கேள்வியைக் கேட்டுவிட்டாள். புது அடுப்பையும் பார்த்தாள், புருஷன் முகத்தையும் பார்த்தாள்.

"இதுல என்ன சந்தேகம்? அண்ணிதான்" என்றாள். "நான் முதல்ல யாருக்குச் சோறு போடுறேன்? இந்த மாடிக்கு அனுப்பாம கீழ ஒருத்தரும் இலையைத் தொட்டதில்லையே."

தட்டைக் கொண்டுபோய் அந்தப் பற்றாத அடுப்பின் மேல் வைத்தாள்.

ஒரே ஆளுக்கு முதல் வரியாக இருக்கத்தான் கிரேன் அக்கா ஆசைப்பட்டாள். மூன்று பேருக்கு மேலே இருப்போம் என்று கனவில்கூட நினைத்ததில்லை.

ஆனால் தம்பி இன்னும் வாயைத் திறக்கவில்லை. டீச்சரின் பேனா முதல் வரிக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

6

தம்பி என்ன சொன்னான்?

ஒரு பிரதியில் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு "அக்கா பேரையே எழுதுங்க" என்கிறான். இதைப் படித்துக் காட்டியபோது என் சிநேகிதர் கைதட்டினார். அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்னொரு பிரதியில் அவன் படியிறங்கிப் போய்விடுகிறான், கீழே கதவு அறையும் சத்தம் கேட்கிறது. மூன்றாவதில், 'தம்பி தன் அக்காவைப் பார்த்தான், அவள் கையிலிருந்த காய்ப்பைப் பார்த்தான், அப்போது அவனுக்கு' என்று பாதியில் நிற்கிறது. அப்போது அவனுக்கு என்ன தோன்றியது என்று எனக்குத் தெரியாது.

டீச்சர் என் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவருடைய கையேட்டில் ஒரு பக்கத்தை எட்டிப் பார்த்தேன். கணக்கெடுப்பவர் எந்தக் கட்டத்தையும் தன் ஊகத்தால் நிரப்பக் கூடாது, பதில் அந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தது. எழுதுகிறவனுக்கும் இது நல்ல விதி. தம்பியின் பதிலை நான் எழுதிவிட்டால், பத்து வருடத்துக்கு முன்பு அவளைக் கேட்காமல் நாலாவது வரியில் போட்டார்களே, அதே வேலையைத்தான் நானும் செய்தவனாவேன். அதனால் அந்தக் கட்டத்தை விட்டுவிடுகிறேன்:

குடும்பத் தலைவர்: …………………

இதற்கு மேல் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரியும், அதை மாற்ற எனக்கு மனமில்லை. டீச்சர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு குடும்பத்துக்கு ஒரு எண்தான். அதை எந்தக் கதவில் போட வேண்டும் என்று கையேடு சொல்லவில்லை. அவர் கீழே இறங்கவில்லை. மாடிக் கதவை இழுத்துச் சாத்தி, தெருவிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரிப் பெரிதாக, 87 என்று எழுதினார்.

இப்போதும் ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிறது. தினமும் காலையில் அந்தக் கதவைச் சாத்திவிட்டு ஹெல்மெட்டோடு இறங்குகிறாள். எண்ணில் கை பட்டுவிடாமல் கைப்பிடியை மட்டும் பிடித்து இழுக்கிறாள்.

என் கதவில் 112. நானும் அப்படித்தான் சாத்துகிறேன்.

உங்கள் கதவையும் டீச்சர் தட்டுவார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார், முதல் வரியில் யார் என்று கேட்பார். அவசரப்பட்டுப் பழக்கத்தில் பதில் சொல்லிவிடாதீர்கள். மாடியிலும் ஒரு குரல் கொடுத்துக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.