கெரெகோடி லேஅவுட் மரத் திருட்டு

வனஜாக்ஷியின் மாவு மில்லுக்கு எதிரே ஒரு ஏக்கர் நிலம் சும்மா கிடந்தது. கெரெகோடி லேஅவுட்டை மனை போட்டு விற்ற காலத்திலேயே பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம். பூங்கா வரவில்லை. உடைந்த ஓடு, பழைய மெத்தை, கல்யாண மண்டபத்து எச்சில் தட்டு எல்லாம் வந்து சேர்ந்தன. காற்றடித்தால் அங்கிருந்து கிளம்பும் செம்மண் நேரே மில்லுக்குள் நுழைந்து ராகி மாவின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம் என்பதால் மாவு வாங்கிப் போகிறவர்களுக்குத் தெரியாது. வனஜாக்ஷிக்குத் தெரியும். ஐம்பத்து நாலு வயதில், ஊருக்கே மண் கலந்த முத்தைக் களி போடுகிறோமே என்று அவளுக்கு மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அந்த வருடம் அங்கே நாலு மாடிக்குக் கார் நிறுத்துமிடம் வரப்போகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. மில்லில் மாவுக்குக் காத்திருந்தவர்கள் அங்கேயே ஒரு கமிட்டி போட்டார்கள். முக்கியமானவர்கள் மூன்று பேர். வனஜாக்ஷி, பல் டாக்டர் கேசவமூர்த்தி, ஆட்டோ ஓட்டும் கெம்பய்யா.

"மரத்த நட்டுட்டா அப்புறம் ஒருத்தனும் கை வைக்க மாட்டான்கா," என்றார் கெம்பய்யா. மற்றவர்களுக்கும் அது சரியென்று பட்டது. முறையாகச் செய்வோம் என்று டாக்டர் சொன்னதால், முதலில் பூங்கா ஆபீசுக்கு அனுமதி கேட்கப் போனார்கள். முறையாகச் செய்யப் போனதுதான் வினையாயிற்று.

பூங்கா ஆபீசில் மேற்பார்வையாளர் தொட்டவீரய்யா ஒரு ஃபைலை எடுத்துப் புரட்டினார். பிறகு மூடினார்.

"அங்க மரம் நட முடியாதும்மா. எடம் இல்ல."

"ஒரு ஏக்கர் காலியாக் கெடக்கு சார்!"

"காலியா? முந்நூத்து நாப்பது மரம் இருக்கு. பாருங்க." ஃபைலைத் திருப்பிக் காட்டினார். "புங்கம் எண்பது, நாவல் அறுபது, பலா நாப்பது... பதினோரு வருஷம் முன்னாடியே நட்டாச்சு. ஒரு நீரூத்து வேற இருக்கு. இதுக்கு மேல ஒரு செடி வெச்சாலும் நெரிசல். மரத்துக்கு மூச்சு முட்டும்."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வாயைத் தொறந்து பாத்துத்தான் சார் பல்லை எண்ணுவேன். சீட்டைப் பாத்து எண்ண மாட்டேன். ஒரு தடவ வந்து பாருங்க."

"வந்து பாத்தா எழுதணும் டாக்டர். இல்லைன்னு எழுதினா, அப்போ இருந்த மூணு அதிகாரிங்கள விசாரிக்கணும். அதுல ஒருத்தர் செத்துட்டார். அவரை எங்கன்னு போய் விசாரிப்பேன்?"

தொட்டவீரய்யா கெட்டவர் இல்லை. இரண்டு வருடம் முன்புதான் மாற்றலாகி வந்தவர். தமக்கு முன்னால் இருந்தவர்கள் நட்ட காகித மரங்களை ஒன்று குறையாமல் காப்பாற்றி அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது மட்டுமே அவர் கவலை. வனஜாக்ஷியின் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போலும். குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு வழி இருக்கு. பழைய மரத்த வெட்டினா அந்த எடத்துல புதுசு நடலாம். ஒரு நாப்பது மரத்த வெட்டணும்னு விண்ணப்பம் குடுங்க. காரணம் எழுதணும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வனஜாக்ஷி பேனாவை வாங்கி, காரணம் என்ற இடத்தில் 'நிழல் தருவதில்லை' என்று எழுதி, முதல் கையெழுத்தைப் போட்டாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து ஒரு ஊழியர் பசை வாளியும் நாற்பது நோட்டீசுமாக வந்து இறங்கினார். வெட்டப்போகும் ஒவ்வொரு மரத்திலும் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். ஆட்சேபம் சொல்ல ஊருக்குப் பதினான்கு நாள் தர வேண்டும். அவர் நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மில் படியில் வந்து உட்கார்ந்தார்.

"எதுல ஒட்டறதுக்கா?"

கெம்பய்யா பந்தல்காரரிடம் சொல்லி நாற்பது மூங்கில் கம்பு கொண்டுவந்து நட்டார். நோட்டீஸ்கள் ஒட்டப்பட்டன. எல்லோருக்கும் ரவை உப்பிட்டு கிளறிக் கொடுத்தாள் வனஜாக்ஷி. வேலை முடிந்தது என்றே நினைத்தாள்.

நாலாம் நாள் யாரோ அந்த நோட்டீசைப் படம் பிடித்துப் போனில் அனுப்ப, அது நகரம் முழுக்கச் சுற்றியது. ஐந்தாம் நாள் காலை இரண்டு பஸ் நிறைய 'மரக் காவலர்கள்' இயக்கத்தார் வந்து இறங்கினார்கள். தலைவி அனகா என்றொரு பெண். முப்பது வயதிருக்கும். கழுத்தில் அரச இலை பச்சை குத்தியிருந்தாள். ஆளுக்கொரு மூங்கிலாகப் பாய்ந்து கட்டிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் தப்பட்டை அடித்தார்கள். வனஜாக்ஷி மாவுக் கையோடு ஓடினாள்.

"ஒரு மரத்தக்கூட வெட்ட விடமாட்டோம் ஆன்ட்டி!" என்றாள் அனகா.

"வெட்டறதுக்கு மரம் எங்கம்மா இருக்கு? நீ கட்டிப் புடிச்சிருக்கியே, அது கம்பு. கெம்பய்யா நட்டது."

"மரம் வெட்றவங்க எல்லாரும் மொதல்ல இதான் சொல்லுவாங்க. இது மரமே இல்லம்பாங்க."

"மேல பாரும்மா. இலை இருக்கா?"

அனகா மேலே பார்த்தாள். இலை இல்லை. "பட்டுப்போக வெச்சிருக்கீங்க," என்றாள். பிறகு முகத்துக்கு நேரே இருந்த நோட்டீசை முதல் முறையாக முழுக்கப் படித்தாள். மொத்த மரங்கள் முந்நூற்று நாற்பது, வெட்டப்பட இருப்பவை நாற்பது. சுற்றிலும் பார்த்தாள். ஓடு, மெத்தை, எச்சில் தட்டு. அவள் முகம் வெளுத்துப் போனது.

"அய்யோ! அப்போ முந்நூறு மரத்த ஏற்கெனவே வெட்டிட்டீங்களா?"

அன்று மதியமே போலீசில் புகார் போய்விட்டது. போலீசார் கேட்டதற்குத் தொட்டவீரய்யா, ஃபைல்படி மரங்கள் இருக்கின்றன, நிலத்தில் இல்லையென்றால் யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும் என்று எழுத்தில் பதில் கொடுத்துவிட்டார். யாராக இருக்கும்? மரம் வேண்டாமென்று விண்ணப்பம் போட்டவர்கள்தான். முதல் கையெழுத்து யாருடையது? வனஜாக்ஷியுடையது.

இன்ஸ்பெக்டர் மாதப்பா குடகுக்காரர். காபித் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நேரில் வந்து நிலத்தைப் பார்த்தார். ஒரு கம்பைப் பிடித்து அசைத்தார். அது நோட்டீசோடு கையில் வந்துவிட்டது. அதைக் கையிலேயே பிடித்தபடி ஜீப்பில் ஏறிப் போனார். மறுநாள் வனஜாக்ஷியை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

"முந்நூத்து நாப்பது மரம். ஒரு வேர் இல்ல, ஒரு குழி இல்ல. எப்படிம்மா தூக்கிட்டுப் போனீங்க?"

"இருந்தாத்தானே சார் தூக்க."

"எனக்குத் தெரியாதா? ஆனா இல்லைன்னு நான் எழுதினா பூங்கா ஆபீஸ் மேல கேஸ் போடணும். அதுக்கு மேலிடத்து அனுமதி வரதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். ஏழு மாசந்தான் இருக்கு. இருந்துச்சுன்னு எழுதினா உங்கள உள்ள வைக்கணும். நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணட்டும்?"

வனஜாக்ஷி, புருஷன் போன பிறகு இருபது வருடமாகத் தனி ஆளாய் மில் நடத்தியவள். யாரிடமும் ஒரு பேச்சு வாங்கியதில்லை. இப்போது ஜன்னல் வழியே தெருவில் போகிறவர்கள் அவளை எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். அழுகை வரும்போல இருந்தது. அதற்குமுன் கோபம் வந்துவிட்டது. கோபத்தோடு கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"சார், திருடினவங்க பொருளத் திருப்பிக் குடுத்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"எடுத்த எடத்துலயே வைக்கச் சொல்லுவேன். அப்புறம் கேஸ் அதுபாட்டுக்கு மெதுவா நடக்கும்."

"அப்படித் திரும்ப வைக்கறதுக்குப் பூங்கா ஆபீஸ் அனுமதி வேணுமா?"

மாதப்பா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். 

"திருட்டுப் பொருளத் திரும்ப வைக்க ஒருத்தன் அனுமதியும் வேண்டாம்," என்றார்.

"அப்போ எழுதிக்குங்க. நான்தான் திருடினேன். ஒம்பது மரம்."

"அதென்ன ஒம்பது?"

"தெனம் என்னால அவ்வளவுக்குத்தான் தண்ணி ஊத்த முடியும்."

மறுநாள் காலை பத்து மணிக்குள் ஸ்டேஷன் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை வரிசை நின்றது. கெரெகோடி லேஅவுட்டில் வீட்டுக்கு ஒரு திருடராவது வந்திருந்தார். வாக்குமூலம் எழுதிய ரைட்டருக்கு விரல் மரத்துப்போய், வெந்நீரில் முக்கி முக்கி எழுதினார்.

கெம்பய்யா தன் ஆட்டோவில் இருபது மரம் கடத்தியதாக ஒப்புக்கொண்டார்.

"மூணு பேருக்கு மேல ஏத்தினாலே நாங்க புடிப்போம். இருபது மரமா?" என்றார் ரைட்டர்.

"மரம் ஆள் கணக்குல வராது சுவாமி."

டாக்டர் கேசவமூர்த்தி இரண்டு செண்பக மரம் மட்டும் போதும் என்றார். இரும்புக்கடைக்காரர் மனைவி ருக்மாங்கதாம்மாவுக்கும் பக்கத்து வீட்டுச் சௌடம்மாவுக்கும் மூலையில் வரவேண்டிய பலா யார் திருடியது என்று பெரிய சண்டையே வந்துவிட்டது.

"அந்தப் பலா நான் எடுத்தது! இவ வாயத் தொறந்தாப் பொய்யி!"

"இவ மூஞ்சிக்குப் பலா திருடத் தெரியுமா சார்? ஒரு கொத்தமல்லிக் கட்டு வாடாம வெச்சுக்கத் துப்பில்ல!"

கடைசியில் இருவரும் சேர்ந்து திருடியதாக எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

சாயங்காலம் அனகா வந்தாள். விஷயம் எல்லாம் அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. கண் சிவந்திருந்தது. நேரே வனஜாக்ஷியிடம் வந்து, "மன்னிச்சிடுங்க ஆன்ட்டி, கம்பைக் கட்டிப் புடிச்சுட்டேன்," என்றாள்.

"பரவால்ல விடு. கட்டிப் புடிக்கணும்னு தோணுச்சே, அது பெருசு."

அனகாவும் அவள் கூட்டத்தாரும் ஆளுக்கு ஒரு மரம் திருடியதாக எழுதித் தர வந்திருந்தார்கள். மாதப்பா மறுத்துவிட்டார். "நீங்க புகார் குடுத்தவங்க. புகார் குடுத்தவங்களே திருடினா சட்டம் என்னத்துக்கு ஆகறது?" அரை மணி நேரம் மன்றாடிய பிறகு, கடத்தலுக்குக் குழி தோண்டி உதவியதாக மட்டும் எழுத ஒப்புக்கொண்டார். அப்படியே வந்து முந்நூற்று நாற்பது குழியும் தோண்டிக் கொடுத்தார்கள். மெத்தையும் உடைந்த ஓடுகளும் லாரியில் ஏறிப் போயின.

ஞாயிற்றுக்கிழமை திருடர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்து மரங்களைத் திருப்பி வைத்தார்கள். கான்ஸ்டபிள் ஒருவர் ஒவ்வொரு கன்றுக்கும் நம்பர் கட்டினார். பெரிய அண்டா நிறையச் சித்திரான்னம் வந்தது. தொட்டவீரய்யாவும் வந்திருந்தார். அந்த நிலத்தை அவர் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரு புங்கங்கன்றின் பக்கத்தில் நின்று பார்த்தார். அது அவர் முழங்காலுக்கு வந்தது.

"இன்ஸ்பெக்டர் சார், காணாமப் போனது பதினோரு வருஷத்து மரம். இது இத்துனூண்டு இருக்கே?"

"திருடின எடத்துல சரியாச் சோறு போடல," என்றார் மாதப்பா. "எளச்சுப் போச்சு."

தொட்டவீரய்யா அதைச் சொன்னபடியே ஃபைலில் எழுதிக்கொண்டார். கடைசியில் கூட்டம் கலைகிறபோது வனஜாக்ஷியிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"யாரும் திருடாத மரம் ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்காம்மா?"

ஒரு நாவல் இருந்தது. அவரே நட்டு, மண்ணை மிதித்து, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். "என் பேரு எங்கயும் எழுத வேண்டாம்," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேகமாகப் போய்விட்டார்.

மழைக்காலம் முடிந்ததும் கார் நிறுத்துமிடம் கட்ட உத்தரவு வாங்கியவர்கள் மண் அள்ளும் இயந்திரத்தோடு வந்தார்கள். கான்ஸ்டபிள் நடுவில் போய் நின்றுகொண்டார். "இது கேஸ் சொத்து. தீர்ப்பு வர வரைக்கும் ஒரு இலையத் தொடக் கூடாது," என்றார். தீர்ப்பு எப்போது வரும் என்று கேட்டதற்கு, முந்நூற்று நாற்பது மரத்தையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும், இப்போதுதான் ஆறாம் மரம் நடக்கிறது என்றார். வந்தவர்கள் இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

மூன்று வருடமாகிறது. மாதப்பா ரிட்டயராகிக் குடகுக்குப் போய்விட்டார். வனஜாக்ஷி முதல் குற்றவாளி என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நல்ல புடவை கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் வருகிறாள். தன் ஒன்பது மரமும் ஆளுயரம் தாண்டிவிட்டதாகப் போன வாய்தாவில் நீதிபதியிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து, குற்றவாளி வருத்தப்படுவதாகத் தெரியவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் குறைபட்டுக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து லேஅவுட்டிலிருந்து நாலு பேர் மில்லுக்கு வந்தார்கள். மாவு அரைக்க அல்ல.

"அக்கா, எங்க எடத்துக்கும் ஃபைல் எடுத்துப் பாத்தோம். ஐநூறு மரம் இருக்காம். மரத்த நாங்க திருடிக்கறோம், அது பிரச்சன இல்ல. ஆனா ரெண்டு மானும் இருக்குன்னு எழுதியிருக்கு. மானத் திருடினதா ஒத்துக்க எல்லாரும் பயப்படறாங்க."

வனஜாக்ஷி கொஞ்சம் யோசித்தாள். "மான் ஓடிப்போச்சுன்னு எழுதிக்கலாம். அதுக்குக் கால் இருக்கு," என்றாள். பிறகு மோட்டாரை நிறுத்திவிட்டு, முந்தானையால் முகத்து மாவைத் துடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு கிளம்பினாள்.