பீப்பாயில் ஊறிய கார்க்கதவு

கைலாசபுரத்துப் பெரிய ஆலையில் முப்பத்தாறு வருஷம் கொதிகலன் குழாய்களில் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்தவன் நான். தேறாது என்று நான் திருப்பி அனுப்பிய குழாய்களை வரிசையாக அடுக்கினால் காசிக்குப் போய்த் திரும்பி, மிச்சத்தில் மலைக்கோட்டையை இரண்டு சுற்றுச் சுற்றலாம். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. புது குக்கர், டார்ச், மனைவியின் கைப்பை எதுவானாலும் ஸ்ரீரங்கத்து வீட்டு வாளியில் முங்கி எழுந்த பிறகுதான் புழக்கத்துக்கு வரும்.

இப்படிப்பட்டவனை ஆரிஃபா தன் பட்டறைக்குள் விட்டாள். அவள் என் நண்பன் ஹனீஃபாவின் மருமகள். திருவானைக்காவலைத் தாண்டி ஒரு கொட்டகை. குலை வெட்டியதும் தோட்டத்தில் கிடக்கிற வாழைமரத்தில் நார் எடுத்து, பாய்போல் பரப்பி, ரெசின் என்கிற பிசினை ஊற்றிச் சூடான அச்சில் அழுத்துவாள். கார்க்கதவின் உள்பக்கத்துப் பலகை வெளியே வரும். பிளாஸ்டிக்கைவிட எடை குறைவு. நான் ஊதினாலே பறக்கும் என்றால் ஹனீஃபா நம்ப மாட்டான்.

இரண்டு கார் கம்பெனிகள் ஏற்கெனவே கைவிரித்துவிட்டன. மூன்றாவது கம்பெனியிலிருந்து ஜெயக்குமார் என்பவர் புதன்கிழமை காலை வருவதாக இருந்தது. இடக்கதவு, வலக்கதவு என்று ஒரு ஜோடி காட்ட வேண்டும். இதுவும் போனால் அச்சு இயந்திரத்தை விற்றுவிட்டுப் பழைய டீச்சர் வேலைக்கே போய்விடுவதாக ஆரிஃபா சொல்லியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மேஜைமேல் அந்த ஜோடி பளபளவென்று கிடந்தது. தண்ணீர் பார்க்காத சரக்கு வாசலைத் தாண்டுவதா? மூலையில் தண்ணீர் நிரப்பியிருந்த நீல பீப்பாயில் இடக்கதவை முக்கினேன். அரை மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன்.

காலையில் ஹனீஃபா போன் செய்தான்.

"முத்து, பீப்பாய்க்குள்ள என்னப்பா போட்டே?"

ஓடினேன். பலகை பாதிக் கொள்ளிடத்தைக் குடித்திருந்தது. ஓரமெல்லாம் எண்ணெயில் விழுந்த அப்பளம். ஆரிஃபா பலகையைச் சாய்த்துத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

"அழுத்தினா படிஞ்சிரும்" என்றேன். தரையில் போட்டு அதன்மேல் நான் உட்கார்ந்தேன். போதவில்லை. ஹனீஃபாவையும் இழுத்து உட்காரவைத்தேன்.

"யா அல்லா, இந்த வயசுல கார் ஏறணும்னு ஆசைப்பட்டேன், இப்படியா?" என்றான் அவன்.

ஜெயக்குமார் அரை மணி நேரம் முன்னாடியே வந்துவிட்டார்.

"என்ன சார், கதவு மேல உட்கார்ந்திருக்கீங்க?"

"எடை தாங்குற சோதனைங்க" என்றேன். "ரெண்டு பேரும் சேர்ந்து நானூறு கிலோ."

"நூத்தி நாப்பதுகூடத் தேறாது" என்றான் ஹனீஃபா. நண்பனாம்!

ஜெயக்குமார் குறித்துக்கொள்ளப் பேனாவைத் திறந்தார். ஆரிஃபா குறுக்கே வந்தாள்.

"எழுதாதீங்க சார். அவர் சொல்றது பொய். நேத்து சாயங்காலம் தண்ணியில போட்டு மறந்துட்டாரு. பதினாறு மணி நேரம் ஊறிப் போச்சு. காட்ட வலக்கதவு மட்டும்தான் நல்லா இருக்கு."

எழுந்தோம். அவர் குனிந்து காலிபரை வைத்துப் பலகையின் கனத்தை நடுவில் அளந்தார், ஓரத்தில் அளந்தார், மறுபடி நடுவுக்கு வந்தார்.

"நடுவுல கனம் ஏறவே இல்லைங்க. வெட்டின ஓரமும் கிளிப்புக்குத் துளை போட்ட இடமும்தான் குடிச்சிருக்கு. அங்க நார் வெளிய தெரியுது."

"அப்ப வேண்டாம்ங்கறீங்களா?" என்றாள் ஆரிஃபா.

"வர்றவங்க எல்லாரும் காய்ஞ்ச பீஸையே காட்டுறாங்கம்மா. மழையில நனைஞ்சா எங்க கெடும்னு காட்டினது நீங்கதான். ஓரத்தையும் துளையையும் ரெசின் பூசி அடைங்க. ஒரு மாசம் தரேன். இதே பீப்பாய், இதே பதினாறு மணி நேரம்."

மாசம் முடிந்து அவர் வந்தபோது ஓரமும் துளையும் அடைத்த புது ஜோடியை ஆரிஃபாவே முக்கினாள். மறுநாள் காலை எடுத்தால் காலிபர் முள் முந்தின நாள் அளவைவிட்டு அசையவில்லை. சோதனைக்கு இருநூறு ஜோடி கேட்டுவிட்டுப் போனார்.

அவர் கார் திரும்புவதற்குள் ஆரிஃபா என் கையில் சின்ன பிரஷ்ஷையும் ரெசின் கிண்ணத்தையும் கொடுத்தாள்.

"பலகைக்கு இருபத்திரண்டு துளை சார். ஒண்ணு விட்டாலும் உங்களையே பீப்பாயில போட்டுருவேன்."

இந்த மூன்று நாளில் பத்தாயிரம் துளை அடைத்துவிட்டேன். மொத்தமே எட்டாயிரத்து எண்ணூறுதான் என்கிறான் ஹனீஃபா. அவனுக்குக் கணக்கு எப்போது வந்தது!